தர்மபுரியில் இருந்துகொண்டு எந்த கம்ப்யூட்டர் கோர்ஸ் படிப்பது?

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கமும் கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமும் கம்ப்யூட்டர் சென்டர் போஸ்டர்கள் முளைத்துவிடும். டிசிஏ (கம்ப்யூட்டர் பயன்பாட்டு டிப்ளமோ), பிஜிடிசிஏ (அதுவே பட்டதாரிகளுக்கு), டேலி (கணக்கு மென்பொருள்), டிடிபி (அச்சுப் பக்க வடிவமைப்பு), பைத்தான் (புரோகிராம் மொழி), இப்போது புதிதாக ஏஐ. அடியில் கொட்டை எழுத்தில் 'வேலை உறுதி' என்று ஒரு வரி. எந்த வேலை, எந்த ஊரில், யார் தருவது என்பது மட்டும் எந்தப் போஸ்டரிலும் இருக்காது.

நம் இரண்டு மாவட்டத்திலும் கம்ப்யூட்டர் தெரிந்தவருக்கு வேலை இருக்கும் இடங்கள் பெரும்பாலும் நான்குதான். அரசு அலுவலகத் தட்டச்சர் வேலை ஒன்று. ஓசூர், பர்கூர், போச்சம்பள்ளி தொழிற்பேட்டைகளில் கணக்கு, ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச் (சரக்கு அனுப்புவது) ஒன்று. அதே தொழிற்சாலைகளில் டிசைனும் சிஎன்சியும் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகம் வெட்டும் மெஷின்) ஒன்று. அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூரு சாஃப்ட்வேர் ஒன்று. நான்குக்கும் படிக்க வேண்டியது வேறு வேறு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுக்கொள்ளும் ஆறு மாத டிசிஏ இந்த நான்கில் எதற்கும் தனியாக நின்று உதவாது. மவுஸே பிடிக்காதவர் கை பழகிக்கொள்ள ஆகும், அவ்வளவே.

அதனால் சென்டருக்குப் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம், நௌக்ரி வேலைத் தளம், ஓசூர் சிப்காட் கம்பெனி கேட்டில் தொங்கும் போர்டு என்று எங்கிருந்தாவது உங்கள் படிப்புக்குப் பொருந்தும் விளம்பரம் இருபது சேருங்கள். ஒரு நோட்டில் கோடு போட்டு, ஒவ்வொன்றும் கேட்கிற படிப்பு, மென்பொருள், அனுபவம், ஊர், சம்பளம் என்று எழுதுங்கள். இருபதில் பத்துக்கு மேல் ஒரே பெயர் வந்தால் அதுதான் நீங்கள் படிக்க வேண்டியது. மூன்று வருட அனுபவம் கேட்கும் விளம்பரங்களைத் தனியாக ஒதுக்குங்கள். புதியவருக்கு இடமே இல்லாத துறையைப் புதியவரிடம் விற்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கிற சூது. அது இந்த நோட்டில் உடனே தெரிந்துவிடும்.

ஊரையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஓசூரில் இருப்பவருக்கு எலெக்ட்ரானிக் சிட்டி தினம் போய்வரும் தூரம். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், நகருக்கு ரயிலும் கிடையாது, பஸ்தான். கம்பெனி பஸ் எதுவரை வருகிறது, இரவு ஷிப்டுக்கு வருகிறதா என்பது சம்பளத்துக்கு இணையான கேள்வி. அரூர், பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓசூர் என்றாலே ரூம் எடுப்பதுதான். அந்த வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கழித்து மிஞ்சுவதைப் பார்த்துவிட்டு, உள்ளூரிலேயே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் தொடங்குவது மேலா என்று யோசிக்கலாம்.

அரசு வேலை என்றால்

இங்கே குழப்பத்துக்கே இடமில்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4-இல் தட்டச்சர் பணிக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தட்டச்சுத் தேர்வுச் சான்றுதான் கணக்கு. அதில் லோயர் (இளநிலை), ஹையர் (முதுநிலை) என்று இரண்டு நிலை. தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டுமே ஹையர் முடித்தவருக்கு முதல் முன்னுரிமை. அதன்பின், ஒன்றில் ஹையரும் இன்னொன்றில் லோயரும் முடித்தவர். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். இதோடு அதே இயக்ககம் தரும் 'கம்ப்யூட்டர் ஆன் ஆபீஸ் ஆட்டோமேஷன்' சான்று, பேச்சில் சிஓஏ. தனியார் சென்டர் கொடுக்கும் டிசிஏ சான்று இதற்கு ஈடாகாது. 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று சொல்லும் சென்டரிடம், சான்றில் எந்த இயக்ககத்தின் முத்திரை இருக்கும் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஐஎஸ்ஓ 9001 சான்று சுவரில் மாட்டியிருப்பது அந்தச் சென்டரின் நிர்வாக நடைமுறைக்கு வாங்கியது. கோர்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தட்டச்சில் தோற்பவர்கள் பெரும்பாலும் வேகத்தால் தோற்பதில்லை, பிழையால் தோற்கிறார்கள். விசையைப் பார்த்து அடிக்கும் பழக்கத்தோடு லோயரைத் தாண்டிவிட்டவர்கள் ஹையரில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். முதல் இரண்டு மாதம் வேகத்தை மறந்துவிட்டு விரல் இடத்தை மட்டும் பிடிப்பது நல்லது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: தேர்வு குரூப் 4 வினாத்தாள்தான், 200 கேள்வி, 300 மதிப்பெண், பாதி தமிழ். அந்தத் தமிழ்ப் பகுதியில் நாற்பது சதவீதம் வராவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வ பயிலும் வட்டத்தில் இதற்கு இலவச வகுப்பு உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.

கணக்கும் டிஸ்பாட்ச்சும்

பி.காம் படித்தவர்களுக்கு மட்டுமில்லை, பி.ஏ., பி.எஸ்சி. படித்தவர்களுக்கும் நம் பக்கத்தில் அதிகம் கதவு திறப்பது இதுதான் என்பது என் கணிப்பு. கிரானைட் யார்டு, மாம்பழக் கூழ் ஆலை, ஆட்டோ உதிரிபாக யூனிட், ஜவுளிக்கடை, லாரி டிரான்ஸ்போர்ட், ஆடிட்டர் ஆபீஸ் எல்லாவற்றிலும் ஆள் தேவை. இவர்கள் கேட்பது 'டேலி தெரியுமா' என்றுதான். உள்ளே போனபின் பார்ப்பது வேறு.

டேலியில் லெட்ஜர் போடுவது, வவுச்சர் பதிவது, பேலன்ஸ் ஷீட் எடுப்பது ஒரு வாரத்தில் வந்துவிடும். சம்பளம் தரவைப்பது ஜிஎஸ்டி. ஓசூர் யூனிட் ஒன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் சில கிலோமீட்டரில் இருக்கும் அத்திப்பள்ளிக்குச் சரக்கு விற்கிறது. அது வெளிமாநில விற்பனை, அதற்கான ஐஜிஎஸ்டி போட வேண்டும். அதே யூனிட் சென்னைக்கு அனுப்பினால் மத்திய, மாநிலப் பங்காகப் பிரியும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 33 என்றால் தமிழ்நாடு, 29 என்றால் கர்நாடகா. டேலியில் பார்ட்டி லெட்ஜர் (வாங்குபவரின் கணக்கு) திறக்கும்போது மாநிலத்தை மாற்றாமல் தமிழ்நாடு என்றே விட்டுவிட்டால் மென்பொருள் தப்பான வரியைப் போடும். பில் பார்க்க அழகாகவே இருக்கும். பிறகு சரியான வரியைத் திரும்பக் கட்டிவிட்டு, தப்பாகக் கட்டியதற்கு ரீஃபண்ட் கேட்டு அலைய வேண்டும், வாங்கியவரும் சண்டைக்கு வருவார். எல்லையோர ஊர்களில் இது தினசரி நடக்கிற தவறு. இன்டர்வியூவில் இதை விளக்கத் தெரிந்த பிள்ளையை எந்த முதலாளியும் விடமாட்டார்.

சரக்கு வண்டியோடு போகவேண்டிய ஆன்லைன் சீட்டான இ-வே பில்லும் அப்படித்தான். வெளிமாநிலத்துக்குச் சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வேண்டும், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். லாரி நடுவழியில் பழுதாகி வேறு வண்டிக்குச் சரக்கை மாற்றினால் அந்தச் சீட்டின் பகுதி பி-யில் வண்டி எண்ணை மாற்றியே ஆக வேண்டும். மறந்தால் செக்கிங்கில் வண்டி நிற்கும், ஃபோன் டிஸ்பாட்ச் பையனுக்கு வரும். ஐந்து கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ள நிறுவனங்களுக்கு 2023 ஆகஸ்ட்டிலிருந்து இ-இன்வாய்ஸும் (அரசுத் தளத்தில் பதியும் பில்) கட்டாயம்.

மாதத்துக்கென்று ஒரு ஓட்டம் இருக்கிறது, அதைப் பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (பிடித்தம் செய்த வருமான வரி) கட்ட வேண்டும், 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவரம்). 14-ஆம் தேதி 2பி (நமக்கு விற்றவர்கள் பதிந்த பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒத்துப்பார்க்க வேண்டும். 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ. 20-க்குள் 3பி (வரியைக் கட்டும் மாத ரிட்டர்ன்). இதில் 2பி ஒத்துப்பார்ப்பதுதான் நிஜமான வேலை, அது நடப்பது டேலியில் இல்லை, எக்ஸெலில்.

எக்ஸெலை 'எம்எஸ் ஆபீஸ்' என்ற தலைப்பின் கீழ் மூன்று நாளில் முடித்துவிடும் சென்டர்கள்மேல்தான் எனக்குக் கோபம். ஸ்டோர்ஸ், கணக்கு, எச்ஆர், தர சோதனை எல்லாம் எக்ஸெலில் ஓடுகிறது. கூட்டல், சராசரி போதாது. சம்இஃப்ஸ் (நிபந்தனைப்படி கூட்டுவது), வி-லுக்கப் (வேறு பட்டியலில் தேடி எடுப்பது), பிவட் டேபிள் (தொகுத்துக் காட்டுவது), டெக்ஸ்ட் டு காலம்ஸ் (ஒரு நெடுவரிசையைப் பலவாகப் பிரிப்பது), டேட்டா வேலிடேஷன் (தப்பான பதிவைத் தடுப்பது), இந்த ஐந்தும் கையில் இருந்தால் ஓசூரில் பெரும்பாலான ஆபீஸ் வேலைக்குப் போதும். ஒவ்வொன்றும் எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

வி-லுக்கப்பில் கடைசி ஆர்கியூமென்ட்டைப் போடாமல் விட்டால் அது கிட்டத்தட்டப் பொருந்துவதை எடுத்துக்கொடுக்கும், பதில் தப்பாக இருந்தாலும் எரர் காட்டாது. அங்கே ஃபால்ஸ் அல்லது சைபர் போட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே பில் எண் இருந்தும் கிடைக்கவில்லை என்று சொன்னால், ஒரு பக்கம் எண்ணாகவும் மறுபக்கம் எழுத்தாகவும் பதிவாகியிருக்கும், அல்லது பின்னால் ஒரு காலி இடம் ஒட்டியிருக்கும். ட்ரிம் போட்டு, வேல்யூ போட்டுச் சரிசெய்ய வேண்டும். எக்ஸெல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் சைபராகிவிடும், முன்னால் இருக்கும் சைபரும் காணாமல் போகும். சம்பளப் பட்டியலில் இது நடந்தால் பணம் போய்ச்சேராது. அந்த நெடுவரிசையை முதலில் டெக்ஸ்டாக மாற்றிவிட்டுப் பிறகு அடியுங்கள். வி-லுக்கப்பின் புது வடிவமான எக்ஸ்-லுக்கப் நல்ல வசதிதான், ஆனால் எக்ஸெல் 2016, 2019-இல் கிடையாது. பல யூனிட்களில் இன்னும் அந்தப் பழைய பதிப்புதான் இருக்கிறது, ஆகவே இரண்டும் தெரிந்திருக்க வேண்டும்.

பயிற்சிக்கு டேட்டா வேண்டுமென்றால் வீட்டிலேயே இருக்கிறது. வீட்டுச் செலவு, பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எதுவானாலும் ஆறு மாதத்துக்கு வரிசையாக அடித்துப் பிவட் போட்டுப் பாருங்கள். எஸ்ஏபி (பெரிய நிறுவனங்களின் கணக்கு, ஸ்டோர்ஸ் எல்லாவற்றையும் நடத்தும் மென்பொருள்) கோர்ஸ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளில் எஸ்ஏபி ஓடுகிறது என்பது சரி. ஆனால் அங்கே பதிவு போடும் வேலைக்கு எடுப்பவர்களுக்கு அவர்களே திரைகளைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். புதியவர் பெரும்பணம் கட்டி எஸ்ஏபி கன்சல்டன்ட் கோர்ஸ் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கன்சல்டன்ட்டாக எடுப்பவர்கள் முதலில் தொழிலில் அனுபவம் கேட்பார்கள்.

டிசைன், சிஎன்சி

இது ஐடிஐ, டிப்ளமோ, மெக்கானிக்கல் பிள்ளைகளுக்கு மட்டும். வரலாறு படித்துவிட்டு டிராயிங் மென்பொருளான ஆட்டோகேட் மட்டும் கற்றுக்கொண்டால் டிசைன் வேலை கிடைக்காது, ஏனென்றால் அங்கே கோடு போடுவது ஒரு வேலையே இல்லை, டிராயிங் படிப்பதுதான் வேலை. ஒரு துளைக்கு '20 எச்7' என்று போட்டிருந்தால் அது 20.000-லிருந்து 20.021 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். பொருளின் தோற்றங்களைத் தாளில் அடுக்குவதில் இந்தியாவில் டிராயிங் முதல் கோண முறையில் இருக்கும். யூடியூபில் அமெரிக்கக்காரர் சொல்லித்தருவது மூன்றாம் கோணம். மேலிருந்து பார்க்கும் தோற்றம் இங்கே முகப்புக்குக் கீழே வரும், அங்கே மேலே. இதைக் கவனிக்காமல் பழகியவர்கள் டெஸ்ட் டிராயிங்கிலேயே வெளியே வந்துவிடுவார்கள். மாணவர் என்று நிரூபித்தால் ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் ஒரு வருடத்துக்கு இலவசம், படிக்கும் வரை புதுப்பித்துக்கொள்ளலாம். திருட்டுப் பிரதி தேவையே இல்லை.

சிஎன்சியில் ஆப்பரேட்டருக்கும் புரோகிராமருக்கும் நடுவே இருக்கும் தூரம் ஜி கோடு (மெஷினுக்குத் தரும் கட்டளைகள்) மனப்பாடத்தால் குறையாது. ஃபனக் நிறுவனத்தின் கன்ட்ரோலில் பல மெஷின்களின் அமைப்பில் எக்ஸ் 10 என்று புள்ளி இல்லாமல் அடித்தால் அது பத்து மில்லிமீட்டர் ஆகாது, பத்து மைக்ரான்தான். புள்ளியை விடக்கூடாது. ஜி54-இல் ஒர்க் ஆஃப்செட் (பொருள் தொடங்கும் இடத்தின் அளவு), ஒவ்வொரு டூலுக்கும் நீள ஆஃப்செட், இவற்றைத் தப்பாக எடுத்தால் டூல், பொருளைப் பிடித்திருக்கும் வைஸில் மோதும். சேருமுன் சென்டரில் மெஷின் இருக்கிறதா, அல்லது வெறும் சிமுலேட்டரா, ஒரு பேட்ச்சுக்கு எத்தனை பேர், ஒரு ஆள் கையால் ஆஃப்செட் எடுக்க எத்தனை மணி நேரம் தருவார்கள் என்று கேளுங்கள். மெஷினைத் தொடவிடாத சிஎன்சி கோர்ஸுக்குப் பணம் கட்டுவதைவிட, அப்ரென்டிஸ்ஷிப் போர்ட்டலில் பதிந்து ஒரு யூனிட்டில் உதவித்தொகையோடு ஒரு வருடம் நிற்பது எவ்வளவோ மேல். எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்களுக்குப் பிஎல்சி (மெஷின்களை இயக்கும் தொழிற்சாலைக் கன்ட்ரோலர்) உண்டு. கோடெசிஸ் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொண்டு அதற்குப் புரோகிராம் எழுதும் லேடர் லாஜிக் பழகலாம். எமர்ஜென்சி ஸ்டாப்பை ஏன் நார்மலி குளோஸ்டாக (அழுத்தாதபோது மின்சுற்று மூடியிருக்கும்படி) வயர் செய்கிறோம் என்று கேட்டால், வயர் அறுந்தாலும் மெஷின் நிற்க வேண்டும் என்பதற்காக என்று சொல்லத் தெரிந்திருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பத்தாவதோடு நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு ஐடிஐ-யில் கோபா என்று ஒரு வருட டிரேடு இருக்கிறது, கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர் அண்ட் புரோகிராமிங் அசிஸ்டன்ட். அதன் தேசியச் சான்றும், அதைக்கொண்டு போகும் அப்ரென்டிஸ்ஷிப்பும் எந்தத் தனியார் டிசிஏ-வையும்விட வலுவானவை.

பெங்களூரு சாஃப்ட்வேர்

பெரிய ஐடி கம்பெனிகள் பலவும் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இல்லை என்பதையே வாசலில் வைக்கின்றன. ஆகவே பெரியார் பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் பிசிஏ படிக்கிற பிள்ளைக்கு முதல் 'கோர்ஸ்' அந்த அரியரை முடிப்பதுதான். அது இருக்கும்போது பைத்தானுக்குப் பணம் கட்டுவது வீண். 60 இல்லாதவர்கள் சின்ன நிறுவனங்களைக் குறிவைக்க வேண்டும். அங்கே சதவீதம் கேட்கமாட்டார்கள், உட்கார்ந்து எழுதச்சொல்வார்கள்.

எந்த மொழி என்று மாதக்கணக்கில் பட்டிமன்றம் நடத்த வேண்டாம். புதியவருக்கு ஜாவா அல்லது பைத்தான், ஏதாவது ஒன்று. என் சாய்வு ஜாவா பக்கம். அதிகமான நிறுவனங்களில் பழைய புரோகிராம்களின் குவியல் அதில்தான் இருக்கிறது, அதைப் பராமரிக்க ஆள் எடுத்துக்கொண்டேயிருக்கிறார்கள். அதன்மேல் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழி), கிட் (புரோகிராமின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி), ஒரு வெப் ஃபிரேம்ஒர்க் (வெப்சைட் கட்டத் தயாரான அடித்தளம்). ஜாவா என்றால் ஸ்பிரிங் பூட். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் உட்காரக்கூடியவருக்கு இது ஆறிலிருந்து எட்டு மாத வேலை. 'மூன்று மாதத்தில் டேட்டா சயின்டிஸ்ட்' என்பதை நம்ப வேண்டாம். உங்கள் இருபது விளம்பர நோட்டைத் திறந்து, அந்தப் பெயரில் புதியவருக்கு எத்தனை விளம்பரம் இருந்தது என்று பாருங்கள்.

எஸ்க்யூஎல்தான் பலரைக் கவிழ்க்கிறது, ஏனென்றால் செலக்ட் (எடு), வேர் (where, நிபந்தனை) தெரிந்ததும் முடிந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். இடதுபக்க டேபிளின் வரிசைகள் அனைத்தையும் வைத்துக்கொள்ளும் லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு வலதுபக்க டேபிளின் நிபந்தனையை வேர் பகுதியில் எழுதினால், பொருந்தாத வரிசைகள் எல்லாம் உதிர்ந்து அது பொருந்துவதை மட்டும் தரும் இன்னர் ஜாயின் ஆகிவிடும். நிபந்தனை ஆன் (on, இணைக்கும் விதி) பகுதிக்குள் போக வேண்டும். இரண்டாவது அதிகச் சம்பளம் எவ்வளவு என்ற கேள்வியில் முதலிடத்தில் இரண்டு பேர் ஒரே சம்பளம் வாங்கினால் உங்கள் பதில் என்ன ஆகும்? மதிப்பே பதியாததைக் குறிக்கும் 'நல்'லை (null) இன்னொரு 'நல்'லோடு சமன்குறியால் ஒப்பிட்டால் என்ன வரும்? இந்த மூன்றுக்கும் கணினியில் ஓட்டிக்காட்டிப் பதில் சொன்னால் போதும். ஜாவாவில் ஸ்ட்ரிங்கை இரட்டைச் சமன்குறியால் ஒப்பிடுவது, ஈக்வல்ஸை மாற்றி எழுதிவிட்டு ஹாஷ்கோடை மாற்றாமல் விடுவதால் ஹாஷ்மேப்பில் பொருள் தொலைவது, இரண்டும் கேட்காத இன்டர்வியூ குறைவு.

புராஜெக்ட் என்றதும் எல்லோரும் கொண்டுவருவது லைப்ரரி மேனேஜ்மென்ட், ஹாஸ்பிடல் மேனேஜ்மென்ட். எடுத்த எடுப்பிலேயே அது காப்பி என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியும். நம் ஊரில் கண்ணெதிரே நடக்கிற ஒன்றை எடுங்கள். கிருஷ்ணகிரி கூழ் ஆலைக்கு சீசனில் மாங்காய் லோடு வருகிறது. வண்டியோடு எடை, காலி வண்டி எடை, கழிவு, ரகம், அன்றைய விலை, முன்பணம், மீதி. இதற்கு டேபிள் போடத் தொடங்கினால் நல்ல கேள்விகள் தானாக வரும். விவசாயியின் பெயரை அடையாளமாக வைத்தால் ஒரே கிராமத்தில் நான்கு முருகன் இருப்பார்கள், ஆகவே தனி எண் வேண்டும். விலை நாளுக்கு நாள் மாறுவதால் ரகத்தின் டேபிளில் விலையை வைத்தால் பழைய பில்லெல்லாம் புது விலைக்கு மாறிவிடும், விலைக்குத் தேதியோடு தனி டேபிள் வேண்டும். பணத்தை ஃப்ளோட்டில் (தோராயமாக வைக்கும் எண் வகை) வைத்தால் பைசா உதைக்கும், டெசிமலில் வைக்க வேண்டும். ஒரே எடைச்சீட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திறந்து திருத்தினால் என்ன ஆகும் என்பது வரை போகலாம். இதைக் கிட்ஹப் இணையதளத்தில் ஒரே நாளில் மொத்தமாக ஏற்றாமல், செய்யச் செய்ய ஏற்றுங்கள். தேதிகளே உங்களுக்குச் சாட்சி.

ஏஐ கருவிகள் புரோகிராம் எழுதித்தருகின்றன, உண்மைதான், பயன்படுத்துங்கள். ஆனால் இப்போது இன்டர்வியூவில் புரோகிராமைக் கொடுத்து, இதில் ஒரு விதியை மாற்று, எங்கே கை வைப்பாய் என்று கேட்பது அதிகமாகிவிட்டது. தான் எழுதாததை மாற்றத் தெரியாமல் முழிப்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பணம் கட்டாமல் படிக்க இடமிருக்கிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியலில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான் போன்றவற்றுக்குத் தமிழ்க் குரலிலேயே பாடம் உண்டு. ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் தளமான என்பிடெல்லில் ஜாவா, டிபிஎம்எஸ் (டேட்டாபேஸ்), பைத்தான் வகுப்புகள் இலவசம், தேர்வு எழுத மட்டும் ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியே குறைந்தபட்சம் எடுக்க வேண்டும், 25-க்குப் பத்து, 75-க்கு முப்பது. கடைசி நேரத்தில் மொத்தமாகப் படிக்கலாம் என்று அசைன்மென்ட்டை விட்டவர்கள் தேர்வில் நன்றாக எழுதியும் சான்று வாங்க முடியாமல் போவது இதனால்தான். கல்லூரியில் தமிழக அரசின் நான் முதல்வன் திறன் வகுப்பு நடந்தால் அதைத் தூங்கும் பீரியடாக நினைக்க வேண்டாம். அதே பாடத்துக்கு வெளியே காசு கேட்பார்கள். கணக்கு பிடித்தவர்களுக்கு ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பட்டமும் இருக்கிறது. வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே சேரலாம், வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் நுழைவதற்கே நான்கு வாரம் படித்துத் தகுதித் தேர்வு எழுத வேண்டும். பெயருக்காகச் சேர்ந்தவர்கள் ஃபவுண்டேஷன் கட்டத்தைத் தாண்டுவது கஷ்டம்.

டாலரில் விலை போட்ட சான்றிதழ்களில் புதியவருக்கு உருப்படியாக உதவுவது நெட்ஒர்க்கிங் பக்கம் போகிறவர்களுக்கான, சிஸ்கோ நிறுவனம் தரும் சிசிஎன்ஏ. சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பேக்கெட் டிரேசர் இலவசம், நெட்ஒர்க் முகவரிகளைப் பிரிக்கும் சப்நெட்டிங்கை மனக்கணக்காகப் போடும் வரை பழகிவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். தேர்வு 300 டாலர், சான்று மூன்று வருடம் செல்லும். வேலை பெரும்பாலும் ஷிப்டில் இருக்கும் என்பதை வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனஹள்ளி பிள்ளைகள் ஒரு பெரிய சொத்தை ரெஸ்யூமில் எழுதாமலே விடுகிறார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழ். பெங்களூரு கஸ்டமர் சப்போர்ட் வேலைகளில் மூன்று தென்னிந்திய மொழி பேசுபவருக்குத் தனி மதிப்பு. மொழிகள் என்ற வரியில் பேசுவேன், படிப்பேன், எழுதுவேன் என்று பிரித்து எழுதுங்கள்.

பணமும் காகிதமும்

சென்டரில் 'ஈஸி இஎம்ஐ' என்று சொன்னால் அது அனேகமாகச் சென்டர் தரும் தவணை இல்லை. ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரிலோ அப்பா பெயரிலோ எடுக்கும் கடன். மொத்தப் பணமும் முதல் நாளே சென்டருக்குப் போய்விடும். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும், சென்டரையே மூடிவிட்டாலும், தவணை ஓடிக்கொண்டிருக்கும். கட்டாவிட்டால் கடன் மதிப்பெண்ணான சிபில் அடிபடும், பிறகு டூவீலர் லோனுக்குக்கூடத் திண்டாட வேண்டும். ஆதார் ஓடிபி, முகம் காட்டும் வீடியோ என்று கேட்கும்போதே நிறுத்தி, கடன் கொடுப்பவர் யார், ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள். மாதாமாதம் சென்டருக்கே கட்டும் முறைக்கு அவர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு இடம் பாருங்கள். வேலை உறுதி என்றால் எத்தனை மாதத்துக்குள், குறைந்தது எவ்வளவு சம்பளம், கிடைக்காவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று ரசீதிலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது செல்லாது.

போலி அனுபவச் சான்று ஏற்பாடு செய்து தருவதாகவும் சிலர் வருவார்கள். நிறுவனங்கள் இப்போது பிஎஃப் வரலாற்றைப் பார்க்கின்றன. இரண்டு வருட அனுபவம் என்று சொல்லிவிட்டு உங்கள் பிஎஃப் எண்ணான யுஏஎன்-இல் ஒன்றும் இல்லையென்றால், வேலையில் சேர்ந்து பல மாதம் கழித்தும் வெளியே அனுப்புவார்கள்.

லேப்டாப்புக்கு 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி போதும். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ ஓட்டப்போகிறவர்கள் 16 பாருங்கள். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கம்பெனிகள் கழித்த பழைய லேப்டாப் வாங்குவதானால், இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே வேண்டாம். அதற்குக் கீழே விண்டோஸ் 11-க்கு ஆதரவில்லை, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. கடையிலேயே பயாஸுக்குள் (லேப்டாப் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய்ப் பாருங்கள், பாஸ்வேர்டு கேட்டால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் எஸ்எஸ்டியின் நிலை, சார்ஜரைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் பேட்டரி, எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைசியாக, சேருகிற நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும் படுத்துகிற இனிஷியல் விவகாரம். பத்தாவது மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் விரித்து, பான் கார்டில் அப்பா பெயர் முன்னால், வங்கியில் இனிஷியலே இல்லாமல். பிஎஃப் கணக்கு ஆதாரில் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ளும். மற்றவை பொருந்தாவிட்டால் பின்னணிச் சரிபார்ப்பும் பிஎஃப் பணமும் சிக்கும். படிக்கிற காலத்திலேயே மார்க் ஷீட்டில் இருப்பது போலவே ஆதாரைத் திருத்திவிடுங்கள், பிறகு அதன்படி பான், அதன்பின் வங்கி. இந்த வரிசையை மாற்றினால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை திருத்த வேண்டியிருக்கும். பிறந்த தேதியையும் கையோடு ஒத்துப்பாருங்கள். ஆதாரில் பிறந்த தேதி மாற்ற வாய்ப்பு பெயரைவிடக் குறைவு, ஆகவே மனு கொடுக்கும்போது சான்றிதழ் நகலைச் சரியாக இணைக்க வேண்டும்.